கணவாய் வரை ஒரு வண்டிப்பாதை

மலைக்காட்சி என்பது காலில் வலிமை உள்ளோருக்கே உரியது என்றோர் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. சிவனொளிபாத மலையின் படிகளில் ஏறியவர்களும், ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு வரை நடந்து திரும்பியவர்களும் தம் பயணத்தைப் பற்றிச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் தொனிக்கும். அது நியாயமான பெருமிதந்தான். ஆனால், முழங்கால் தேய்ந்துபோன முதியவர் என்ன செய்வார்? அவருக்கு மலை இல்லையா? இக்கேள்வி சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டிலேயே எழுந்தது. அதற்கு விடை தேடிய பயணத்தைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

என் மாமனார் எண்பது வயதை எட்டியவர். இளமையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நக்கிள்ஸ் மலைச்சாரலில் ஓர் ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1980களின் பிற்பகுதியில் அத்தோட்டம் கைவிடப்பட்டதும் குடும்பத்தோடு கண்டிக்கு அருகே வந்து குடியேறினார். அதன்பின் ஒரு நாளேனும் அவர் அம்மலைக்குத் திரும்பிச் சென்றதில்லை. ஒரு நாள் மாலை தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, "மாப்பிள்ளை, அந்தக் கணவாயில ஒருதரம் நின்னு பார்த்திட்டு வரணும். நடக்கத்தான் முடியாது" என்றார். அவர் எதையும் கேட்டுப் பெறும் இயல்புடையவர் அல்லர். ஆகவே அச்சொல்லை என்னால் எளிதில் மறக்க இயலவில்லை.

அவர் குறிப்பிட்டது கோர்பட் கணவாய். கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில், புகழ்பெற்ற பதினெட்டு வளைவுகளை அடையுமுன்பே ஹுன்னஸ்கிரிய என்ற சிற்றூர் வருகின்றது. அங்கே இடப்புறமாகப் பிரியும் குறுகிய பாதை, லூல்வத்தையைக் கடந்து, காட்டினூடே ஏறி, மலைத்தொடரின் ஒரு தாழ்ந்த இடைவெளியை அடைகின்றது. அந்த இடைவெளியே கணவாய். அதற்கப்பால் பாதை மீமுரே என்ற தொலைக் கிராமத்தை நோக்கி இறங்கிவிடும். முட்டியை மடக்கிய கையின் கணுக்களைப் போன்று சிகரங்கள் வரிசையாகத் தோன்றியமையால் ஆங்கிலேயர் இத்தொடருக்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். சிங்கள மக்கள் இதனைத் தும்பறை மலைத்தொடர் என்பர். இதன் மிகவுயர்ந்த சிகரமாகிய கொம்பானிய 1906 மீற்றர் உயரமுடையது. 2000ஆம் ஆண்டில் இம்மலைக்காடு பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனையும், ஹோர்ட்டன் சமவெளியையும், சிவனொளிபாத மலைக்காட்டையும் ஒருங்கு சேர்த்து, இலங்கையின் மத்திய மலைநாடு என்ற பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

இந்தப் பக்கத்து மலைகள் எக்காலத்திலும் எளிதாக வழிவிட்டவை அல்ல. கண்டி மன்னர்கள் தம் நாட்டுக்குள் வரும் பாதைகளை அகலப்படுத்தாமல், காட்டையே அரணாக வைத்திருந்தனர். வழி கடினமாயிருப்பதே அன்று பாதுகாப்பு. எனினும், இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் சிறைப்பட்டது, ஹுன்னஸ்கிரியவுக்கு அண்மையிலுள்ள மெதமஹநுவரப் பகுதியிலேதான். தமிழ்நாட்டின் வேலூருக்கு அனுப்பப்பட்ட அம்மன்னன் 1832இல் அங்கேயே காலமானான். பின்னர் கோப்பி வந்தது, தேயிலை வந்தது, ஏலமும் வளர்ந்தது. விளைபொருளைக் கொண்டுசெல்ல வண்டிப்பாதை தேவைப்பட்டது. இன்று நாம் காட்சி காணச் செல்லும் மலைப்பாதைகள் பல, அன்று கூலிக்காகக் கல் உடைத்தவர்களின் உழைப்பிற் பிறந்தவை என்பதை நாம் மறத்தலாகாது.

நேயர்களே, எங்கள் முதற் பயணம் தோல்வியில் முடிந்தது. அதற்குக் காரணம் என் அவசரம். டிசம்பர் மாத விடுமுறையில், வடகீழ்ப் பருவமழை ஓய்ந்துவிட்டதென்று நானே முடிவுசெய்து, நண்பர் ஒருவரின் பழைய ஜீப்பைக் கேட்டு வாங்கி, மாமனாரை முன் ஆசனத்தில் அமர்த்திக்கொண்டு புறப்பட்டேன். திகன கடந்து, விக்டோறியா நீர்த்தேக்கத்தின் நீர்ப்பரப்பு பள்ளத்தாக்கில் மின்னிய வரைக்கும் வானம் தெளிவாகவே இருந்தது. 1985இல் திறந்துவைக்கப்பட்ட அந்த அணைக்கட்டினால் பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. மாமனார் அத்திசையை நோக்கி, தாம் சாமான் வாங்கிய கடைவீதி எந்த இடத்தில் இருந்தது என்று விரலாற் சுட்டிக் காட்டிக்கொண்டு வந்தார்.

ஹுன்னஸ்கிரியவிற் பிரிந்து சிறிது தூரம் ஏறியதும் மழை பிடித்தது. பாதையைக் குறுக்கறுத்து ஓடும் ஓர் ஓடையை அடைந்தோம். அதன்மேல் இருந்தது தாழ்ந்த சப்பாத்துப் பாலம். வழக்கமாகக் கணுக்காலளவு நீர் ஓடுகின்ற இடம். அன்று பாலத்தின் விளிம்பு தெரியவில்லை. செந்நிற நீர் சுழித்துக்கொண்டு ஓடியது. அக்கரை இருபது அடி தூரமே. கணவாய்க்கு இன்னும் சில மைல்களே. நான் எஞ்சினை நிறுத்தாமல், போகலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். அப்போது மண்வெட்டியோடு வந்த ஒரு கிராமவாசி, "மஹத்தயா, இன்றைக்கு வேண்டாம்" என்று சிங்களத்திற் சொன்னார். அவர் வேறு விளக்கம் தரவில்லை. நான் மாமனாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "திருப்புங்க" என்றார்.

வீடு திரும்பும் வரை இருவரும் பேசவில்லை. அவருடைய வயதை எண்ணி நான் அஞ்சினேன். இளைஞன் ஒருவனிடம், அடுத்த ஆண்டு போகலாம் என்று சொல்வது எளிது. எண்பது வயதினரிடம் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. அந்த அச்சமே என்னை நீருக்குள் வண்டியைச் செலுத்தத் தூண்டியது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓடும் நீர் முழங்காலளவு இருந்தாலே வாகனத்தைப் பக்கவாட்டிற் தள்ளிவிடும் ஆற்றலுடையது. கலங்கிய நீரின் கீழ்ப் பாதை அரித்துச் செல்லப்பட்டிருப்பினும் சாரதிக்குத் தெரியாது. எளிய பாதை என்று பெயர் பெற்ற பாதையிலே நிகழும் விபத்துக்கள், பெரும்பாலும் அந்தப் பெயரை நம்புவதாலேயே நிகழ்கின்றன. கோடையில் எளிதான வழி மாரியில் எளிதன்று. காலையில் எளிதானது, பிற்பகல் மழைக்குப் பின் எளிதன்று.

அடுத்த மார்ச் மாதத்தில் மீண்டும் புறப்பட்டோம். இம்முறை நான் சற்றே படித்துக்கொண்டவனாகச் சென்றேன். மூன்று நாட்களாக மழையில்லை என்பதை அவ்வூர்க் கடைக்காரர் ஒருவரிடம் தொலைபேசியிற் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். மேலதிக ரயரின் காற்றையும், பிறேக்கையும், தண்ணீரையும் முதல்நாளே பார்த்துவைத்தேன். பெற்றோல் நிரப்பினேன், மலைக்கு மேலே அது கிடைக்காது. மண் கிண்ட ஒரு சிறு மண்வெட்டி, சில்லுக்கு அண்டைகொடுக்க இரண்டு மரக்கட்டைகள், ஒரு கயிறு, அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும், மாமனாருக்கு ஒரு கம்பளிப் போர்வை. விடியுமுன் கிளம்பினோம். மலையில் முற்பகல் தெளிவாகவும் பிற்பகல் மேகமூட்டமாகவும் இருப்பது வழக்கம். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து மேகமாகிவிடும்.

நாங்கள் சென்ற பாதையில் தார் தேய்ந்த இடங்களும், கொங்கிறீற்றுப் போட்ட ஏற்றங்களும், வெறுங் கல்லும் மண்ணும் மாறி மாறி வந்தன. திறமை மிக்க சாரதிகளுக்கு அது ஒரு பொருட்டன்று. என்போன்று நகர வீதியில் மட்டும் ஓட்டிப் பழகியவர்களுக்குச் சில பழக்கங்கள் வேண்டும். முதலாவது, ஏற்றத்தின் நடுவிற் கியரை மாற்றித் தடுமாறாமல், ஏற்றம் தொடங்கும்போதே தாழ்ந்த கியரிற் போட்டு, ஒரே சீரான வேகத்தில் ஏறுதல். இரண்டாவது, மழைநீர் அறுத்த பள்ளங்களுக்குள் சில்லை இறக்காமல், பள்ளம் இரு சில்லுகளுக்கும் நடுவே அமையுமாறு மேட்டின்மீது ஓட்டுதல். மூன்றாவது, முன்னாலிருப்பது தெரியாத வளைவில் ஒலி எழுப்பிவிட்டு ஒரு கணம் செவிகொடுத்தல். நான்காவது, எதிரே வண்டி வந்தால், ஏறி வருகின்ற வண்டிக்கு இறங்குகின்ற வண்டி இடங்கொடுத்தல். ஏற்றத்தில் நின்ற வண்டி மீண்டும் எழும்புவது கடினம் என்பதே அதன் காரணம். ஐயமான இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்துபோய்ப் பார்த்து வருவதில் எந்த இழுக்கும் இல்லை. அன்று நான் நான்கு முறை இறங்கினேன். நான்காம் முறை மாமனார், "பாதைய நீங்க நடந்தே முடிச்சிடுவீங்க போல இருக்கே" என்று சிரித்தார்.

முன்பு திரும்பி வந்த ஓடையில் அன்று கூழாங்கற்களுக்கிடையே தெளிந்த நீர் மெல்லச் சலசலத்தது. அதைத் தாண்டியதும் காடு நெருங்கிவிட்டது. கிளைகளில் பாசி தாடியைப்போன்று தொங்கியது. உயரம் ஏற ஏற மரங்கள் குட்டையாகி, குடை விரித்தாற்போலத் தலைதட்டி நின்றன. பலத்த காற்றும் ஆழமற்ற மண்ணும் அவற்றை அவ்வாறு வளர்த்திருக்கின்றன. இம்மரங்கள் மழையை மட்டும் நம்பி வாழ்வன அல்ல. அவற்றினூடே தவழும் மேகத்தின் நுண்துளிகளை இலைகளும் பாசியும் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு இறக்குகின்றன. உலகில் வேறெங்கும் காணப்படாத இலைமூக்கு ஓணான் வாழ்வதும் இம்மலைத்தொடரிலேயே. நாங்கள் அதைக் காணவில்லை. வண்டியின் சத்தத்தோடு செல்வோருக்குக் காடு தன் உயிர்களைக் காட்டுவதில்லை.

ஒரு வளைவில், பாதையோரப் பெரும்பாறை ஒன்றைக் கண்டதும் மாமனார் என் கையைத் தொட்டார். வண்டியை ஓரமாக நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்தேன். அவர் கதவைத் திறந்து, அதைப் பிடித்துக்கொண்டே இறங்கி நின்றார். பாறைக்கப்பால், பசுமைக்குள் மறைந்து, கருங்கல் அத்திவாரம் ஒன்று தெரிந்தது. அங்கேதான் ஏலக்காய் உலர்த்தும் கொட்டகை இருந்ததாம். இரவு பகலாகச் சூளைக்கு விறகிட்டு, காய் கருகாமலும் பச்சை நிறம் மாறாமலும் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

நேயர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். ஏலச்செடி நிழலில் வளர்வது. ஆகவே ஏலம் பயிரிட்டவர்கள் பெருமரங்களை முற்றாக வெட்டவில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் காடு அப்படியே இருப்பதாகத் தோன்றும். ஆனால் பெருமரங்களின் கீழே முளைத்த கன்றுகளும் புதர்களும் ஆண்டுதோறும் அரிந்து நீக்கப்பட்டன. சூளைக்கான விறகும் காட்டிலிருந்தே வந்தது. முதிய மரம் விழுந்தால் அவ்விடத்தை நிரப்ப இளமரம் இல்லை. பேரக்குழந்தைகள் இல்லாத வீட்டைப்போலக் காடு முதுமையடைந்துகொண்டிருந்தது. இதனாலேயே உயர்மலைக் காட்டில் ஏலப் பயிர்ச்செய்கை நிறுத்தப்பட வேண்டும் என்ற நிலை உருவாயிற்று.

மாமனார் நெடுநேரம் காட்டுக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். "இந்த எடத்தில நின்னா அந்தச் சரிவுத் தலைப்பு வரைக்கும் பார்வை போகும். இப்ப பத்தடி தெரியல்ல" என்றார். சிறிது நேரத்தின்பின், தம் வலக்கையை விரித்துப் பார்த்தவாறு, "எத்தனை கன்ன இந்தக் கையால அரிஞ்சிருப்பேன். களைன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க" என்றார்.

எனக்கு என்ன மறுமொழி சொல்வதென்று தெரியவில்லை. அவர் அரிந்த கன்றுகளுக்குக் கிடைத்த கூலியில்தான் என் மனைவி பள்ளிக்கூடம் சென்றாள். காட்டின் அழிவைப் பற்றி எழுதுவோர் ஏலத் தொழிலைக் குறிப்பிடுகின்றனர், அது உண்மையே. அத்தொழிலிலிருந்து விலக்கப்பட்டவர்களின் வாழ்க்கை என்னாயிற்று என்பதும் அதேபோன்று உண்மையான ஒரு கேள்வியே. இரண்டையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு அங்கே நின்றவர் அவர் ஒருவரே. நான் வெறும் பார்வையாளன்.

புதர்களுக்கிடையே ஏலச்செடிகள் சில இன்னும் நீண்ட இலைகளோடு நின்றன. அவருக்கு மணக்கக் கொடுக்கலாமென்று ஓர் இலையைப் பறிக்கக் கை நீட்டினேன். "பறிக்க வேணாம் மாப்பிள்ளை, இருக்கட்டும்" என்று தடுத்தார். பின்பு மெல்லக் குனிந்து, இலையை விரல்களுக்கிடையே வைத்துத் தடவி, விரலை முகர்ந்துகொண்டார். வண்டியில் ஏறியபின், "நல்லாத்தான் வந்திருக்கு காடு" என்றார். அக்குரலில் இருந்தது மகிழ்ச்சியா, வருத்தமா என்று என்னால் இன்றும் சொல்ல இயலாது.

டீன்ஸ்டன் என்ற இடத்தில் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிலையம் உண்டு. அங்கிருந்து காட்டினூடே நடந்துசென்றால் சிறிய உலக முடிவு எனப்படும் செங்குத்தான பள்ளவிளிம்பை அடையலாம். நடக்கக்கூடிய நேயர்கள் அங்கு செல்லுதல் நன்று. நாங்கள் அதனை விட்டு மேலே சென்றோம்.

கணவாயை அடையும்போது முதலில் உணர்வது காற்றையே. மலைச்சுவரில் அகப்பட்ட காற்று முழுவதும் அந்த ஒரு வாயிலினூடே நுழைவதால் அங்கே அதன் வேகம் மிகும். கம்பளியை மாமனாரின் தோளிற் சுற்றி, வண்டியை விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்தினேன். அவர் என் தோளைப் பிடித்துப் பத்தடி நடந்தார். அவ்வளவே அவர் நடந்த நடை.

கீழே பள்ளத்தாக்கு திறந்து கிடந்தது. நாங்கள் வந்த பக்கத்தின் ஈரக்காடு அங்கே இல்லை. மறுபுறச் சரிவில் புற்றரைகளும், பாறை முகங்களும், அவற்றின் மடிப்புகளில் காட்டுக் கீற்றுகளும் தெரிந்தன. அடியில் மீமுரேக் கிராமத்தின் வயல்கள் படிப்படியாக இறங்கின. அவற்றுக்கு மேலே, கூர்ந்த முக்கோணமாக, லகேகல மலை தனித்து நின்றது. இராவணனின் விமானம் அம்மலையுச்சியிலிருந்தே பறந்தது என்று ஊரார் சொல்வதுண்டு. பள்ளத்தாக்கில் ஓடும் ஹீன் கங்கை மகாவலியோடு கலக்கின்றது. மகாவலி வடக்கே சென்று திருகோணமலைப் பக்கத்துக் கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகின்றது. மேகத்திலிருந்து பாசி பிடித்த ஒரு துளி, மலையிறங்கி, வயல்களினூடே தவழ்ந்து, மூதூர்க் கரையிற் கடலைத் தொடுகின்றது. காட்டில் கன்று முளைத்தால் அதன் பயன் எங்கே போய்ச் சேர்கிறதென்பதை அந்த இடத்தில் நின்று பார்க்கும்போது விளங்கிக்கொள்ள இயலும்.

மாமனார் காட்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு திசையாகப் பார்த்து, இன்னார் வீடு அந்தப் பக்கம், இன்னார் இறந்தது அந்தச் சரிவில் என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு அது மலைக்காட்சி. அவருக்கு அது ஊர். முக்கால் மணி நேரத்தின்பின் தெற்கிலிருந்து மேகம் ஏறத் தொடங்கிற்று. "போதும், எறங்குவோம்" என்று அவரே சொன்னார்.

இறக்கமே ஏற்றத்தைவிடக் கவனம் வேண்டுவது. பிறேக்கை ஓயாது மிதித்து இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஏறிய அதே தாழ்ந்த கியரிலேயே இறங்கினால், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அவ்வாறே மெல்ல இறங்கினோம். வழியில் வளைவொன்றில் யாரோ விட்டுச்சென்ற பிளாஸ்ரிக் போத்தல்களும் சோற்றுப் பொதிகளின் தாள்களும் கிடந்தன. நான் நிறுத்தி அவற்றைப் பொறுக்கி வண்டியிற் போட்டேன். மாமனார் கதவருகே தாம் எட்டியவற்றைக் கம்பினால் என்பக்கம் தள்ளிவிட்டார்.

நேயர்களே, கால் வலிமையுள்ளோர் வண்டியில் மலைக்குச் செல்வோரை ஏளனஞ் செய்தல் வேண்டாம். அந்த எளிய பாதை இல்லையேல் என் மாமனாருக்கு அவருடைய ஊர் இல்லை. அதே வேளை, அப்பாதையைப் பயன்படுத்துவோர் ஒன்றை உணர வேண்டும். மழைநாளில் ஈரமண்ணைக் கிளறி ஓட்டும் ஒவ்வொரு வண்டியும் பாதையைப் பள்ளமாக்குகின்றது. பள்ளத்தை விலக்குவதற்காகக் காட்டுக்குள் சில்லை ஏற்றினால் பாதை அகலுகின்றது, கன்றுகள் நசுங்குகின்றன. பின்னர் ஒரு நாள், பாதையும் கெட்டு, காடும் கெட்டு, அதிகாரிகள் அதனை மூடவேண்டி வரும். அன்று இழப்பவர் யார்? நடக்க வல்லவர் வேறு வழியிற் போய்விடுவார். நடக்க இயலாதவரே இழப்பார். ஆகவே உலர்ந்த நாளைத் தெரிந்து செல்லுங்கள். தடத்தை விட்டு விலகாதீர்கள். வேண்டாமென்று ஓடை சொன்னால் திரும்பிவிடுங்கள். உங்கள் வீட்டில் முதியவர் இருந்தால், அவர் மீண்டும் காண விரும்பும் இடம் எதுவென்று கேட்டுப் பாருங்கள்.

என் மாமனார் இப்போது வீட்டைவிட்டு அதிகம் வெளியே செல்வதில்லை. சென்ற மாதம் என் மகன் அந்தக் கணவாய்க்கு நண்பர்களோடு போகப்போவதாகச் சொன்னபோது, அவர் அவனை அருகில் அழைத்து, அந்தப் பாறை எந்த வளைவில் இருக்கிறதென்று நெடுநேரம் விளக்கிக்கொண்டிருந்தார்.